அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்தில்: கேம்ப்புக்குப் புகார் எழுதினால் என்ன நடக்கும்?

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். மேலே நீங்கள் கேட்டிருப்பது, "மலேசியப் பட்டாளத்தில் கள்ளத்தொடர்பு வைத்தால் என்ன தண்டனை, வேலையை விட்டுத் தூக்குவார்களா?" என்று. கீழே சொல்லியிருக்கும் விவரம் இது: அக்கா வீட்டுக்காரர் 17 வருஷமாகத் தரைப்படையில் இருக்கிறார், கோப்ரல். அதே கேம்ப் குவார்ட்டர்ஸில் இருக்கும் இன்னொரு சிப்பாயின் மனைவியோடு பழக்கம். அந்தச் சிப்பாய் ஐ.நா. படையோடு லெபனானுக்குப் போயிருந்த நேரத்தில் ஆரம்பித்தது, அவர் திரும்பி வந்த பிறகும் நிற்கவில்லை. விஷயம் தெரிந்து அக்கா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், இரண்டு மாதமாக ஒரு காசு வரவில்லை. கேம்ப்புக்குப் புகார் எழுதப் போகிறீர்கள், அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால் போனில் இருக்கும் படங்களை ஃபேஸ்புக்கில் போடப் போகிறீர்கள். அப்படியானால் நீங்கள் கேட்பது உண்மையில் இரண்டு கேள்வி. பட்டாளம் இந்த ஆளைத் தண்டிக்குமா என்பது ஒன்று. அந்தத் தண்டனையால் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஏதாவது கிடைக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் ஆமாம். இரண்டாவது கேள்விக்கு, பெரும்பாலும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கடிதம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நெகிரி செம்பிலானில் பாஹாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, 1988இல் பட்டாளத்தில் சேர்ந்து, 21 வருஷம் முடித்து ஸ்டாஃப் சார்ஜனாக வெளியே வந்தவன். துப்பாக்கி தூக்கி நடந்ததைவிட ரெஜிமென்ட் ஆபீசில் கெராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உட்கார்ந்ததுதான் அதிகம். குற்றச்சாட்டுப் பாரம் (படிவம்) டைப் அடித்தது, போஸ்டிங் ஆர்டர் அடித்தது, வெளியிலிருந்து வரும் புகார்க் கடிதத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றி, கமாண்டருக்கு நிர்வாக உதவியாக இருக்கும் அதிகாரியான அட்ஜுட்டன் மேசையில் வைத்தது எல்லாம் இந்தக் கைதான். இப்போது டவுனில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து ஆட்களுக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆபீசுக்குள் இந்த மாதிரி விஷயம் எப்படி நகரும் என்பதை அனுபவத்தில் சொல்லுவேன், சட்டத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததையும் சொல்லுவேன், உங்கள் அக்கா வழக்கை நடத்தும் தகுதி எனக்கு இல்லை.

முதலில் நிச்சயமானது. மலேசியாவில் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை மூன்றுக்கும் ஒரே சட்டம்தான், 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டம், சட்டம் 77 என்பார்கள். பழைய பிரிட்டிஷ் ராணுவச் சட்டத்தின் சாயல் அதில் நிறைய இருக்கும். அதில் கள்ளத்தொடர்பு என்று பெயர் போட்டுத் தனியாக ஒரு குற்றம் கிடையாது. அதனால் தண்டனை கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். நல்லொழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் கேடு விளைவிக்கும் நடத்தை என்று ஒரு குற்றம் இருக்கிறது, இழிவான நடத்தை என்று ஒன்று இருக்கிறது. இந்த வலைக்குள் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம், கொண்டுவருவார்கள். சின்ன விஷயமென்றால் கமாண்டிங் ஆபிசரே தன் மேசைக்கு முன்னால் நிற்க வைத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரிய விஷயமென்றால் ராணுவ நீதிமன்றம். இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவது ஒரு வழி இருக்கிறது, நான் அதிகம் டைப் அடித்தது அதைத்தான்: குற்றச்சாட்டே இல்லாமல் போஸ்டிங் மாற்றுவது, பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது, வருஷாந்தர மதிப்பீட்டு அறிக்கையில் நான்கு வரி எழுதுவது, ஒப்பந்த நீட்டிப்புக் கேட்டால் கொடுக்காமல் விடுவது. வெளியில் இருப்பவர்கள் இதைத் தண்டனை என்றே கணக்கில் எடுக்க மாட்டார்கள். உள்ளே இருப்பவனுக்கு அதுதான் பெரிய அடி.

பட்டாளத்துக்கு எதற்கு ஒருவனுடைய படுக்கையறைக் கதை என்று நிறைய பேர் கேட்பார்கள். ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். ஒரு கேம்ப்பில் நான் இருந்தபோது, ஒரே செக்ஷனில் இரண்டு பேர், ஒருவன் வீட்டில் இன்னொருவன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் மாதிரி. ஒருவன் எல்லையில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தான். வந்த வாரமே அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்டார்கள், உன் வீட்டுக்கு யார் வந்து போனார் என்று. அடுத்த நாள் ரேஞ்சில் நிஜத் தோட்டா போட்டுச் சுடும் பயிற்சி. காலை ஐந்தரை மணிக்கு, ரைஃபிள் எடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, கம்பெனி சார்ஜன் மேஜர் ஆபீசுக்குள் வந்து பெயர்ப் பட்டியலை என் கையிலிருந்து வாங்கி, சிவப்புப் பேனாவால் அந்த இரண்டு பெயரையும் அடித்தார். காரணம் சொல்லவில்லை. ஒருவனைச் சமையல் கூடத்துக்கும் இன்னொருவனை லாரி கழுவவும் அனுப்பினார். அன்றைக்கு அந்த செக்ஷன் இரண்டு ஆள் குறைச்சலாகத்தான் பயிற்சிக்குப் போனது. பட்டாளம் கவலைப்படுவது இதற்குத்தான் தம்பி. இருட்டில் எனக்குப் பின்னால் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு நடக்கிறவன் மேல் எனக்கு நம்பிக்கை வேண்டும். நான் வெளிநாட்டில் இருக்கும்போது என் வீட்டைச் சுற்றி இருப்பவர்கள் என் ஆட்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். அது உடைந்தால் கமாண்டர் கையில் இருப்பது படை இல்லை, ஆள் கூட்டம்.

அதனால் மேலதிகாரி முதலில் கேட்கும் கேள்வி "யாரோடு?" என்பதுதான். வெளியே டவுனில் யாரோ ஒரு பெண் என்றால், மனைவி வந்து புகார் கொடுக்கும்வரை ஆபீஸ் அதிகம் அசையாது, கூப்பிட்டுப் புத்தி சொல்லி அனுப்புவார்கள். தனக்குக் கீழே வேலை செய்யும் பெண் சிப்பாய் என்றால் விஷயம் வேறு, அங்கே பதவி வந்துவிடுகிறது, அந்தப் பெண் முழுமனதோடு சம்மதித்தாளா என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. சக சிப்பாயின் மனைவி என்றால் அதைவிட மோசம். அதிலும் அந்தச் சிப்பாய் கடமைக்காக வெளிநாட்டில் இருந்த நேரத்தில் என்றால் எந்த கமாண்டிங் ஆபிசரும் லேசில் விடமாட்டார். நீங்கள் சொல்வது இந்தக் கடைசி வகை. அதனால்தான் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆமாம் என்றேன். எந்த அளவுக்கு என்பதை மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒரே மாதிரி இரண்டு சம்பவத்தில் ஒருவன் பதவிப் பட்டை இழந்து இடமாற்றம் ஆனதையும் இன்னொருவன் கண்டனத்தோடு தப்பியதையும் நானே டைப் அடித்திருக்கிறேன். கமாண்டர் யார், ஆள் ஒப்புக்கொண்டானா, பொய் சொன்னானா, முன்பே எச்சரித்தும் கேட்கவில்லையா, இதையெல்லாம் பொறுத்துத்தான் அமையும்.

உங்கள் நண்பர் அனுப்பிய வீடியோவில் ஒரு வருஷம் ஜெயில் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே ராணுவச் சட்டத் தொகுப்பின் 134வது பிரிவில் இது தனிக் குற்றமாகவே இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் பெயரைக்கூட மாற்றி, திருமணத்துக்குப் புறம்பான பாலுறவு நடத்தை என்று விரிவாக்கி, ஆண் ஆண், பெண் பெண் உறவையும் உள்ளே கொண்டுவந்தார்கள். உச்ச தண்டனை ஒரு வருஷச் சிறை, சம்பளமும் படிகளும் முழுவதும் பறிப்பு, மானக்கேடான பணிநீக்கம். ஆனால் அங்கேயும் உறவு இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் படையின் ஒழுங்கு கெட்டது அல்லது படைக்குக் கெட்ட பெயர் வந்தது என்று சேர்த்து நிரூபிக்க வேண்டும். நீதிமன்றம் மூலமாகச் சட்டப்படி பிரிந்து வாழ்கிறவர்கள் அதை எதிர்வாதமாகவும் வைக்கலாம். 1997இல் அங்கே பெரிய பரபரப்பாகப் பேசப்பட்ட கெல்லி ஃபிளின் விவகாரத்தைப் பாருங்கள். பி-52 குண்டுவீச்சு விமானத்தை ஓட்டிய முதல் பெண் அவர். தனக்குக் கீழ்நிலையில் இருந்த ஒரு பெண் சிப்பாயின் கணவரோடு தொடர்பு. அவர் மேல் வந்த குற்றச்சாட்டுகளில் உறவு ஒன்றுதான். அந்த ஆளைப் பார்க்கக் கூடாது என்ற கட்டளையை மீறினார், விசாரணையில் பொய் சொன்னார் என்பவையும் சேர்ந்துதான் அவரை மூழ்கடித்தன. ராணுவ நீதிமன்றம் வரை போகாமல், கௌரவப் பணி முடிவு இல்லாத விடுவிப்பை ஏற்றுக்கொண்டு வெளியேறினார். அதே வருஷம், பல வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு தொடர்பு வெளியே தெரிந்ததால் ஜெனரல் ஜோசப் ரால்ஸ்டன் முப்படைத் தலைமைப் பதவிக்கான போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார், ஆனால் சேவையில் தொடர்ந்தார். சின்னவருக்கு ஒரு நியாயம் பெரியவருக்கு ஒரு நியாயமா என்று அந்த நாட்டிலேயே கேட்டார்கள். அந்தக் கேள்வி எந்தப் படைக்கும் பொருந்தும். எங்கள் ஆபீசிலும் தேநீர் நேரத்தில் அதே பேச்சு ஓடியிருக்கிறது.

ஊர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் யாரோ, இந்தியாவில் இது இப்போது குற்றமே இல்லை என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497வது பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, அது பொதுமக்களுக்கு. பட்டாளத்துக்காரர்கள் அதைக் காட்டித் தப்பிக்கப் பார்த்ததால் அரசாங்கமே விளக்கம் கேட்டுப் போனது. 2023 ஜனவரி 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்தத் தீர்ப்பு ஆயுதப்படைச் சட்டங்களைத் தொடவில்லை, படைகள் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 45வது பிரிவு, பதவிக்குத் தகாத நடத்தை, அதற்குத்தான் பயன்படுகிறது. சக அதிகாரியின் மனைவியின் அன்பைத் திருடுவது என்றே குற்றச்சாட்டில் எழுதுவார்கள். மனைவி என்ன பெட்டியில் வைத்த நகையா, திருடுவதற்கு என்று எனக்குத் தோன்றும், அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டன் வேறு பாதை. 2000 ஜனவரியில் ஒருபாலுறவுத் தடையை நீக்கியபோது ஒரு நடத்தை விதியைக் கொண்டுவந்து, எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைத்தார்கள்: இவருடைய நடத்தை படையின் செயல்திறனைக் கெடுத்ததா, கெடுக்குமா? அவ்வளவுதான் கேள்வி. நான்கு நாட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், பாவத்துக்காக யாரையும் தண்டிக்கவில்லை, படைக்கு வந்த கேட்டுக்காகத்தான் தண்டிக்கிறார்கள் என்று தெரியும். உங்கள் அக்கா அந்தக் கணக்கில் ஒரு சாட்சி. பாதிக்கப்பட்டவராக அந்தக் கணக்கில் இருப்பது ரெஜிமென்ட்.

போலீசில் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் தண்டனைச் சட்டத்தில் 498வது பிரிவு என்று ஒன்று இருந்தது, அடுத்தவர் மனைவியை ஆசை காட்டி அழைத்துப் போவது, இரண்டு வருஷம் வரை சிறை. தோட்டத்துப் பஞ்சாயத்தில் அதைச் சொல்லி மிரட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். 2023 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்துவிட்டது. கணவன் மட்டுமே கையில் எடுக்கக்கூடிய சட்டம், மனைவிக்கு அந்த உரிமை இல்லை, அது ஆண் பெண் பாகுபாடு என்பது காரணம். அந்தப் பிரிவு இன்றும் அமலில் இருந்திருந்தால்கூட உங்கள் அக்காவுக்கு உதவியிருக்காது, அந்த இன்னொரு சிப்பாய்க்குத்தான் உதவியிருக்கும். ஷரியா நீதிமன்றம் முஸ்லிம்களுக்கு மட்டும்தான், உங்கள் மாமா இந்து என்பதால் அங்கே அவரை நிறுத்த முடியாது. அந்தப் பெண் முஸ்லிமாக இருந்தால் அவருக்கு அங்கே வழக்கு வரலாம். ஒன்று மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்: அக்காவோடு பதிவுத் திருமணம் இருக்கும்போது இவர் எந்தக் கோயிலிலாவது போய் இன்னொரு தாலி கட்டினால், அது 494வது பிரிவில் குற்றம், ஏழு வருஷம் வரை போகலாம். அப்படி ஏதாவது காதில் விழுந்தால் அன்றைக்கே போலீசில் எழுதிக் கொடுங்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன். பல வருஷத்துக்கு முன்னால், பெயர் வேண்டாம், எந்தக் கேம்ப் என்பதும் வேண்டாம், ஒரு சிப்பாயின் மனைவி கமாண்டிங் ஆபிசருக்கு எழுதிய கடிதம் என் மேசைக்கு வந்தது. பிள்ளையின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த, சதுரக் கட்டம் போட்ட தாள். எழுத்துப் பிழையோடு மலாயில் எழுதியிருந்தார், போர்ட்டிக்சன் கடற்கரையில் எடுத்த குடும்பப் படம் ஒன்றும் பின்னால் ஸ்டேப்ளர் அடித்து இணைத்திருந்தது. அந்தத் தாளில் இரண்டே கோரிக்கைதான். என் கணவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் ஐயா, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காசைக் கட்டச் சொல்லுங்கள் ஐயா. நான் பதிவு எண் போட்டு உள்ளே வைத்தேன். அதற்கப்புறம் அந்தக் கடிதம் அவருடையதாக இல்லை. விசாரித்தபோது அந்த ஆள் டூட்டியில் இருந்தேன் என்று கையெழுத்துப் போட்ட இரவுகளில் வெளியே இருந்தது தெரிந்தது. குற்றச்சாட்டு அதன் மேல்தான் வந்தது. தோளில் இருந்த பட்டை போனது, அதோடு சம்பளமும் குறைந்தது, ஆறு வாரத்தில் சரவாக்கில் ஒரு இடத்துக்குப் போஸ்டிங். ஆர்டரை அடித்தவன் நான். ரெஜிமென்ட்டைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது, ஒழுங்காகவும் முடிந்தது.

அந்த அம்மா குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளில் சாமான் பட்டியலைச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். காற்றாடி 2, சரி. சமையலறைக் குழாய், சரி. பல்பு 6 என்று பட்டியலில் இருந்தது, வீட்டில் 5தான். நான் பரவாயில்லை அம்மா என்றேன். அவர் கேட்கவில்லை, சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒரு பல்பு வாங்கி வந்து, நாற்காலி போட்டு ஏறி மாட்டிவிட்டு, சுவிட்சைத் தட்டி எரிகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். அப்புறம் சாவியைக் கொடுத்தார். தோட்டத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கேட்ட இரண்டில் ஒன்றுகூட நடக்கவில்லை. கணவர் கடல் தாண்டிப் போனார், அனுப்பிய கொஞ்சப் பணமும் சம்பளம் குறைந்ததைச் சொல்லி இன்னும் குறைந்தது. அந்தப் பெண் கடிதத்தோடு ஜீவனாம்ச வழக்கையும் போட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். யூனிஃபார்ம் போட்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது என் மனதில் கிடக்கிறது, உங்களுக்கு இவ்வளவு எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

உங்கள் அக்கா விஷயத்தில் கணக்கைப் பாருங்கள். அதிகாரி அல்லாத சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 21 வருஷம் முடிக்க வேண்டும். மாமாவுக்கு 17 ஆகியிருக்கிறது, இன்னும் 4. இடையில் ஆளைத் தூக்கிவிட்டால் பென்ஷன் போகும், குவார்ட்டர்ஸ் போகும், பிள்ளைகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரி போகும், மாதச் சம்பளமும் போகும். சம்பளமே இல்லாத ஆளிடம் எந்த நீதிமன்றம் ஜீவனாம்சம் வாங்கிக் கொடுக்கும்? கோபத்தில் நீங்கள் கேட்கும் தண்டனையின் பாதி பாரம் அந்த இரண்டு பிள்ளைகள் தலையில் விழும். அதற்காக அவரைச் சும்மா விடுங்கள் என்று சொல்லவில்லை. எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம்.

முதலில் காசு. 1950ஆம் ஆண்டு மணமான பெண்கள், பிள்ளைகள் ஜீவனாம்சச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றாமல் விட்டவர் மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று, விவாகரத்துக்குப் போகாமலேயே உத்தரவு வாங்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவித் துறை, ஜபாத்தான் பந்துவான் குவாமான், வருமானத்தைப் பார்த்து வழக்கை எடுத்து நடத்துவார்கள். அந்த உத்தரவின் பிரதி ஒன்றைக் கேம்ப்புக்கு அனுப்புங்கள். வெறும் கண்ணீர்க் கடிதம் வந்தால் ஆபீஸ் கூப்பிட்டுப் பேசி அனுப்பும். நீதிமன்ற முத்திரையோடு வரும் தாளை அட்ஜுட்டன் எழுந்து நின்று படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கடன் பாக்கி, குடும்பத்தைக் காப்பாற்றாதது, நீதிமன்ற உத்தரவை மீறியது, இவை எல்லாம் ஒரு சிப்பாயின் கோப்பில் கறையாக நிற்கும், அதற்குப் பயந்தே நிறைய பேர் ஒழுங்காகக் கட்டுவார்கள்.

விவாகரத்து என்று முடிவெடுத்தால் 1976ஆம் ஆண்டு திருமணம், விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம், சட்டம் 164 என்பார்கள், நம்மைப் போன்ற முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அதுதான். இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு. இல்லையென்றால் முதலில் தேசியப் பதிவிலாகாவில் சமரசக் குழு முன்னால் போய், ஒத்துவரவில்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் உயர்நீதிமன்றத்துக்குப் போக முடியும், சில விதிவிலக்கு தவிர. கள்ளத்தொடர்பு அங்கே நேரடியாகவே ஒரு காரணம். அந்தப் பெண்ணையும் வழக்கில் சேர்த்து நஷ்டஈடு கேட்க 58வது பிரிவு இடம் கொடுக்கிறது, ஆனால் பழிவாங்கும் தொகையாகக் கொடுக்க மாட்டார்கள், பெரிய தொகை எதிர்பார்த்து அதில் வருஷக்கணக்கை வீணாக்க வேண்டாம். ஏழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற ஊகத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும், அக்காவின் சின்ன மகளுக்கு அது பொருந்தும். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, மேல்படிப்பு முடியும்வரைகூடப் பிள்ளைக்குப் பணம் கேட்கலாம். ஒன்றை மறக்காதீர்கள், விவாகரத்து ஆன பிறகு அக்கா அவருடைய விதவைப் பென்ஷனுக்கு உரிய மனைவி இல்லை. 4 வருஷத்தில் பென்ஷன் வரப்போகும் ஆளோடு சொத்துப் பங்கீடு பேசும்போது வக்கீலிடம் இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகும் கேம்ப்புக்கு எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள், அது அக்காவின் உரிமை. ஆனால் எழுதுவது அக்காவாக இருக்கட்டும், நீங்கள் இல்லை. மச்சான் எழுதிய கடிதத்தைக் குடும்பச் சண்டை என்று ஒதுக்குவார்கள். பெயர் போடாத கடிதம் வேண்டவே வேண்டாம், அதைப் படித்துவிட்டு ஆபீஸ் முதலில் தேடுவது எழுதியது யார் என்பதைத்தான். கமாண்டிங் ஆபிசர் பெயருக்கு, பதிவுத் தபாலில், ஒரு பக்கம். கணவரின் பெயர், சேவை எண், எந்தத் தேதியிலிருந்து பணம் வரவில்லை, என்ன தெரியும், எப்படித் தெரியும், என்ன வேண்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்றும் கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். வசை ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

ஃபேஸ்புக் விஷயத்தை விட்டுவிடுங்கள் தம்பி. அந்தப் படங்களைப் போட்டால் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233வது பிரிவில் குற்றவாளி ஆவது நீங்கள், அவதூறு வழக்கு வேறு வரலாம். வருத்தத்தோடு இருக்கும் குடும்பத்தில் இன்னொரு ஆள் நீதிமன்றப் படி ஏற வேண்டாம்.

அந்த இன்னொரு சிப்பாய் இருக்கிறாரே, அவரை நீங்கள் நேரில் போய்ப் பார்த்தோ போனில் கூப்பிட்டோ சொல்லாதீர்கள். அவருக்குத் தெரிய வேண்டியதுதான், மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் லெபனானிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறார், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஆயுதக் கிடங்கு இருக்கிறது, உங்கள் மாமாவும் அதே கேட்டுக்குள்ளேதான் இருக்கிறார். அக்காவின் கடிதம் போனால் கமாண்டிங் ஆபிசர் தன் ஆளைத் தன் அறையில், பக்கத்தில் ஒரு அதிகாரியை வைத்துக்கொண்டு, ஆயுத டூட்டியிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லுவார். அதை எப்படிச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். சிவப்புப் பேனாவால் பெயர் அடித்த அந்தக் காலையில் யாரும் யாரையும் சுடாமல் போனது அந்த சார்ஜன் மேஜருக்கு விஷயம் நேரத்தோடு தெரிந்திருந்ததால்தான்.

பாஹாவ் பக்கம் வர முடியுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல், மார்க்கெட் கூட்டம் கலைந்த பிறகு வாருங்கள். எந்த இடம் என்று தனியாகச் செய்தி அனுப்புகிறேன். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அக்காவின் அடையாள அட்டை, பணம் வந்தது நின்றது தெரிகிற பேங்க் புத்தகம், கணவரின் பழைய சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தால் அதுவும், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் எழுதியது நீளமான கேள்வி, அதில் உங்களுக்கு என்ன வேண்டும், அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இருக்கிறது. அக்கா அந்த ஆளோடு திரும்பி வாழ நினைக்கிறாரா, பிரிய நினைக்கிறாரா, காசு மட்டும் போதுமா என்று ஒரு வரிகூட இல்லை. பாரத்தைத் திறப்பதற்கு முன்னால் நான் முதலில் அவரிடம் அதைத்தான் கேட்பேன்.